நாய்களை ஏவினால் பன்றி குறையுமா?

நிலக்கடலையில் பருப்புப் பிடிக்கும் நாள் வந்துவிட்டால் மலையடிவாரத்துக் குடியானவருக்கு இரவில் உறக்கம் இல்லை. பரண் கட்டிக் காவல் இருக்கிறார். தகர டப்பாவைத் தட்டுகிறார். வயலைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டுகிறார். முடிதிருத்தும் கடையிலிருந்து மயிரை மூட்டையாக வாங்கி வந்து வரப்பெல்லாம் தூவுகிறார். இவ்வளவும் செய்துவிட்டு விடியற்காலையில் சற்றே கண் அயர்ந்தால், எழுந்து பார்க்கும்போது அரை ஏக்கர் உழுது போட்ட நிலம்போலக் கிடக்கிறது. காட்டுப்பன்றி தின்றது கொஞ்சம், கிளறிப் பாழாக்கியது அதிகம். மக்காச்சோளம், மரவள்ளி, கரும்பு, பால் பிடிக்கும் நெல் எதுவும் தப்புவதில்லை.

இந்த நிலையில் இருப்பவரிடம் பொறுமையைப் பற்றிப் பேசுவது எளிதல்ல. "நாலு நல்ல வேட்டை நாயும் கூட நாலு ஆளும் இருந்தால் போதும், ஒரே மாதத்தில் பன்றிப் பூண்டே இல்லாமல் செய்துவிடலாம், சட்டம்தான் கையைக் கட்டிப் போட்டிருக்கிறது" என்ற பேச்சு தேநீர்க் கடைகளில் அடிக்கடி எழுகிறது. கோம்பை நாயும் இராசபாளையம் நாயும் ஒரு காலத்தில் பன்றி வேட்டைக்குப் பேர்போனவை. ஆகவே இந்தப் பேச்சில் ஊர்ப் பெருமையும் கலந்துகொள்கிறது. சட்டத்தைச் சற்று நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, வெறும் விவசாயக் கணக்காகவே இதைப் பார்ப்பது நல்லது. நாய்களை ஏவினால் பன்றி குறையுமா?

இதற்கு விடை சொல்லத்தக்க அனுபவம் உள்ள நாடு அமெரிக்கா. அங்கே பன்றி பூர்வீக விலங்கு அல்ல. ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுவந்தது. டி சோட்டோ என்ற தளபதி 1539-ல் புளோரிடாவில் இறங்கியபோது படைக்கு உணவாகப் பன்றி மந்தையை உடன் ஓட்டி வந்தார். பின்னால் வந்த குடியேறிகளும் பன்றிகளைக் காட்டில் மேயவிட்டு, வேண்டும்போது பிடித்துக்கொண்டார்கள். பிடிபடாமல் நின்றவை காட்டுப்பிராணிகளாயின. 20-ஆம் நூற்றாண்டில் வேட்டைப் பிரியர்கள் ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளையும் வரவழைத்துவிட, இரண்டும் கலந்து பெருகின. இன்று அந்நாட்டில் 60 லட்சத்துக்கு மேற்பட்ட காட்டுப்பன்றிகள் 35-க்கு மேற்பட்ட மாநிலங்களில் இருப்பதாக அந்நாட்டு வேளாண்துறை மதிப்பிடுகிறது. டெக்ஸாஸ் மாநிலத்தில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல்.

அந்த டெக்ஸாஸில் யாருடைய கையையும் சட்டம் கட்டவில்லை. ஆண்டு முழுவதும் பன்றி சுடலாம். எத்தனை வேண்டுமானாலும் சுடலாம். இரவில் சுடலாம். 2011-ல் ஹெலிகாப்டரில் பறந்துகொண்டே சுடுவதற்கும் வழிவிட்டார்கள். 2019 முதல், நிலத்துக்காரர் சம்மதித்தால் தனியார் நிலத்தில் பன்றி வேட்டைக்கு உரிமச் சீட்டுக்கூடத் தேவையில்லை. நாய் வைத்து வேட்டையாடுவதோ அங்கு பெரிய கலை. இவ்வளவு தாராளத்துக்குப் பிறகும் டெக்ஸாஸ் விவசாயி பன்றி ஒழிந்தது என்று சொல்ல முடியவில்லை.

நாய் வேட்டையைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. அது தேர்ந்த வேலை. இரண்டு வகை நாய்கள் வேண்டும். முதல் வகை மோப்பம் பிடித்து ஓடி, பன்றியை மடக்கி நிறுத்திச் சுற்றி நின்று குரைக்கும்; கவ்வாது. லூசியானாவின் கட்டஹூலா நாய், கரியவாய் நாய் முதலியவை இதற்குப் பழக்கப்பட்டவை. அந்தக் குரைப்புச் சத்தத்தைக் கேட்டு ஆட்கள் நெருங்கியதும், கயிற்றில் பிடித்து வந்த இரண்டாம் வகை நாயை அவிழ்த்துவிடுவார்கள். இது புல்டாக் இனம். நேரே பாய்ந்து பன்றியின் காதைக் கவ்வினால் விடவே விடாது. அந்தக் கணத்தில் ஒருவர் பன்றியின் பின்னங்கால்களைப் பிடித்துப் புரட்ட, மற்றவர் கத்தியால் முடிப்பார் அல்லது கயிற்றால் கட்டுவார். துப்பாக்கி சுட்டால் நாய்க்கு ஆபத்து என்பதால் கத்திதான் வழக்கம். நாயின் மார்புக்கும் கழுத்துக்கும் தடித்த கவசம் மாட்டுகிறார்கள். நாய் எங்கே ஓடுகிறது என்று காட்டும் கருவியைக் கழுத்துப் பட்டையில் வைக்கிறார்கள். கோரைப்பல் கிழித்த காயத்தை அங்கேயே தைக்க ஊசி நூலும் கையில் இருக்கும். கவசம் இருந்தும் நாய்கள் சாகின்றன. ஆள் காலைக் கிழித்துக்கொள்வதும் உண்டு.

தைரியம், பயிற்சி, நாய்க்கும் ஆளுக்கும் உள்ள நேசம் எல்லாம் இதில் உண்டு. ஆனால் விடிந்ததும் கணக்குப் பார்த்தால் ஒரு பன்றி; அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. பயிரை அழிக்க வந்த கூட்டத்தில் எத்தனை பன்றிகள் இருந்தன என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

காட்டுப்பன்றிக் கூட்டம் என்பது தாய்ப்பன்றிகளின் குடும்பம். இரண்டு மூன்று பெரிய பெட்டைகள், அவற்றின் குட்டிகள், முந்தைய ஈற்றின் வளர்ந்த குட்டிகள் எல்லாம் சேர்ந்து திரியும். பெரிய ஆண்பன்றி பெரும்பாலும் தனியனாகவே இருக்கும். நாயைக் கண்டதும் கூட்டம் நாலா பக்கமும் சிதறி ஓடும். கொழுத்த தனியன்தான் ஓடாமல் திரும்பி நின்று எதிர்க்கும். ஆகவே நாயிடம் மாட்டுவதும், படம் பிடித்துக் காட்டத் தகுந்ததும் அதுதான். ஒரு கிடா செத்தால் அதன் இடத்துக்கு வேறு கிடா வரும். சினைப் பெட்டைகள் அப்படியே இருக்கின்றன. பன்றியின் சினைக்காலம் மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்பது பன்றி வளர்ப்போர் அனைவரும் அறிந்த கணக்கு. காட்டில் ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள். பெட்டைக்குட்டி ஓராண்டு நிறையும் முன்பே சினைக்குத் தயாராகிவிடும். ஆண்டுதோறும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பன்றிகளை அகற்றினால்தான் தொகை ஏறாமல் நின்ற இடத்தில் நிற்கும் என்று டெக்ஸாஸ் நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நாய் வேட்டையில் அந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் எட்டாது.

பிடிபடாத பன்றிகள் படிக்கும் பாடம் வேறு இருக்கிறது. துரத்தப்பட்ட கூட்டம் சில நாள் அந்தப் பக்கம் தலைகாட்டாது. "பன்றி போய்விட்டது" என்று வேட்டைக்காரர் சொல்வது அதை வைத்துத்தான். அது போனது பக்கத்துத் தோட்டத்துக்கு. மீண்டும் வரும்போது இன்னும் பிந்திய இரவில், இன்னும் எச்சரிக்கையோடு வரும்.

வட கரோலினாவில் நடந்த ஒரு பழைய சம்பவம் இதை விளக்கும். 1912-ல் ஒரு செல்வந்தர் அங்கே ஹூப்பர் பால்ட் என்ற மலையில் வேட்டைப் பண்ணை அமைத்து, ஒரு டஜனுக்குச் சற்று மேற்பட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளை மரவேலிக்குள் விட்டார். பத்தாண்டு அளவில் அவை பெருகின. 1920-களின் தொடக்கத்தில் பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நண்பர்களையும் நாய்களையும் கூட்டி ஒரு பெரிய வேட்டை வைத்தார். கிடைத்த பன்றிகள் இரண்டு. நாய்கள் பல கிழிபட்டன. மிரண்ட மிச்சப் பன்றிகள் வேலியை உடைத்துக்கொண்டு மலைக்குள் ஓடின. வட கரோலினா, டென்னஸி எல்லை மலைகளில் இன்று திரியும் காட்டுப்பன்றிகளின் மூதாதைகளில் அவையும் அடங்கும்.

அதே டென்னஸி மாநிலம் பிற்காலத்தில் செய்த சோதனை இன்னும் கவனிக்கத்தக்கது. பன்றியைக் குறைக்க வேண்டுமானால் வேட்டையைத் தாராளமாக்க வேண்டும் என்று எண்ணி, 1999-ல் மாநிலம் முழுவதும் வரம்பில்லாத பன்றி வேட்டைக்குக் கதவு திறந்தார்கள். அதற்கு முன் சில மாவட்டங்களில் மட்டும் இருந்த பன்றி, 2011-க்குள் 95 மாவட்டங்களில் ஏறக்குறைய 80-ல் தென்பட்டது. காரணம் விசித்திரமானது அல்ல. வேட்டை ருசி கண்டவர்கள், தங்கள் ஊரிலும் பன்றி வேண்டும் என்று உயிரோடு பிடித்து வண்டியில் ஏற்றி வந்து அவிழ்த்துவிட்டார்கள். 2011-ல் மாநிலம் அந்த விதியைத் திரும்பப் பெற்று, பன்றி ஒழிப்பை வேட்டையிலிருந்து பிரித்தது. கன்சாஸ் மாநிலம் 2006-லேயே பன்றியை விளையாட்டுக்காக வேட்டையாடுவதைத் தடுத்துவிட்டது. மிசௌரி மாநிலப் பாதுகாப்புத்துறை 2016-ல் தன் நிலங்களில் பன்றி வேட்டைக்குத் தடை போட்டது. பொறி வைத்துக் காத்திருக்கும் இடத்தில் நாயோடு ஒருவர் நுழைந்தால் இரண்டு வார உழைப்பு ஒரே இரவில் வீணாகிறது என்பது அத்துறையினரின் முறையீடு. வேட்டைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், துறை பின்வாங்கவில்லை.

அவர்கள் நம்புவது பெரிய பட்டிப் பொறியை. ஆட்டுப்பட்டி போன்றதுதான். ஓர் ஆள் மார்பளவு உயரமுள்ள கனத்த கம்பிவலைச் சட்டங்களை வட்டமாக நிறுத்தி முளை அடித்து, அகலமான ஒரு வாயில் வைக்கிறார்கள். சதுரமாக அமைத்தால் பன்றிகள் மூலையில் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி வெளியே குதித்துவிடும். ஆகவே வட்டம். உள்ளே புளிக்க வைத்த மக்காச்சோளம். முதல் நாளே கதவைப் போட்டுவிடக் கூடாது; இதில்தான் பொறுமை தேவை. கதவைத் திறந்தே கட்டிவைத்து நாள்தோறும் இரை போட வேண்டும். முதலில் துடுக்கான குட்டிகள் வரும். தாய்ப்பன்றி வெளியே நின்று மோப்பம் பார்க்கும். ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து அதுவும் உள்ளே கால் வைக்கும். மொத்தக் கூட்டமும் உள்ளே நின்று தின்னும் இரவில் கதவு விழ வேண்டும். பட்டியைப் பார்த்தபடி ஒரு கேமரா வைத்து, அது அனுப்பும் படத்தைக் கைபேசியில் பார்த்து, வீட்டில் உட்கார்ந்தபடியே பொத்தானை அழுத்திக் கதவை இறக்குகிறார்கள். பதினெட்டு வந்தால் பதினெட்டும் அகப்படும். அவசரப்பட்டு நான்கு குட்டிகளுக்காகக் கதவை இறக்கிவிட்டால், வெளியே நின்று பார்த்த தாய் பிறகு எந்தப் பட்டிக்கும் வராது.

நாய்க்கு அங்கே வேலையே இல்லை என்பதில்லை. பட்டிக்குப் பயந்து ஒதுங்கிய ஒன்றிரண்டு பன்றிகளைத் தேடிப் பிடிக்கக் கடைசியில் பழகிய நாயைக் கொண்டுவருகிறார்கள். அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர் பொறுக்குவது போன்ற வேலை அது. கதிர் பொறுக்குபவரை வைத்து அறுவடை செய்ய முடியாது.

நாய் வளர்ப்போர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்கக் காட்டுப்பன்றிகளிடம் போலி வெறிநோய் என்ற நச்சுயிரி நோய் பரவியிருக்கிறது. பன்றியைக் கடித்த நாய்க்கு அது தொற்றினால் சில நாளில் சாவுதான், மருந்து கிடையாது. பன்றியின் புரூசெல்லா நோய் நாய்க்கும், வெறுங்கையால் பன்றியைக் கிழித்துக் குடல் எடுப்பவருக்கும் தொற்றுகிறது. இந்தியாவில் 2020 முதல் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வந்திருக்கிறது. 2023 ஜனவரியில் முதுமலைப் பகுதியில் செத்துக் கிடந்த காட்டுப்பன்றிகளில் அந்த நோய் உறுதி செய்யப்பட்டது. இந்த நோய் நாயையும் மனிதரையும் தாக்காது. ஆனால் கறியிலும் இரத்தத்திலும் நோய்க்கிருமி தங்கும். திருட்டு வேட்டைப் பன்றிக்கறியை ஊருக்குள் கொண்டுவந்து கழிவைப் பட்டிக்கருகே கொட்டினால், வெண்பன்றி வளர்க்கும் அடுத்த வீட்டுக்காரர் முதலோடு இழப்பார்.

இவையெல்லாம் அமெரிக்கச் சங்கதி. தமிழ்நாட்டில் நிலைமை ஒரு முக்கியமான விதத்தில் வேறு. இங்கே காட்டுப்பன்றி இந்த மண்ணின் விலங்கு. புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் இரை. அதைப் பூண்டோடு அழிப்பது நோக்கமாக இருக்க முடியாது. காட்டில் இருக்கட்டும், கடலையில் இருக்கக் கூடாது என்பதுதான் விவசாயியின் கோரிக்கை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. அந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் சுடுவது மட்டுமின்றித் துரத்துவது, சுருக்கு வைப்பது, பொறி வைப்பது, இரை காட்டி இழுப்பது எல்லாம் அடங்கும். நாயை ஏவுகிறவரும் சுருக்குப் போடுகிறவரும் ஒரே பிரிவில் வருவார்கள். காட்டோரத்தில் நாயை இரவில் அவிழ்த்துவிட்டால் சிறுத்தைக்கு இரை என்பதும் அங்குள்ளோர் அறிந்ததே.

சட்டத்துக்குப் பயந்து செய்யாதவர் போக, மறைவாகச் செய்கிறவர் கையாளும் வழிகள் இன்னும் கொடியவை. பழத்துக்குள் நாட்டுவெடி பொதிந்த அவுட்டுக்காயை மாடு கடித்தாலும் வாய் சிதறும். யானை கடித்தாலும் சிதறும். வேலிக் கம்பியில் நேரடியாக மின்சாரம் கொடுப்பது அதைவிட மோசம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் அனாதையாக நின்றன. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போய் இத்தகைய கம்பியில் மாட்டி இறந்த விவசாயிகளும் உண்டு. பன்றியோ மறுநாள் வேறு சந்து வழியாக வருகிறது.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடவும் பிடிக்கவும் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை வனத்துறையினர் பிடித்துக் காட்டுக்குள் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். இதைப் படித்ததும் 'சுடலாம்' என்ற ஒரு சொல்லையே எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். துப்பாக்கியோடு இரண்டு வனக்காவலர் வந்து ஒரு பன்றியைச் சுட்டுப் போனால், அதுவும் டெக்ஸாஸ் கதைதான். மிச்சம் பதினேழும் சிதறிப் போய்ப் பத்து நாளில் திரும்பும். 'பிடிக்கலாம்' என்ற சொல்லுக்குத்தான் உண்மையில் மதிப்பு அதிகம். 3 கிலோமீட்டருக்கு அப்பாலும் பட்டியில் மொத்தமாக அடைத்த பிறகு வனத்துறையினர் முடிப்பதே பயன் தரும். நடுப்பகுதியில் பிடித்ததை மறுபடியும் அதே காட்டோரத்தில் அவிழ்த்துவிட்டால் பிடித்த பலன் இல்லை. எத்தனை தூரத்தில் விடுகிறார்கள் என்று ஊரார் கேட்டு வாங்க வேண்டும்.

பட்டிக்கான சட்டங்களை ஊர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துவிடலாம். ஒருவர் செலவாக அல்லாமல் ஊராட்சிச் செலவாகவோ உழவர் குழுச் செலவாகவோ நான்கைந்து ஊருக்கு ஒரு பட்டி வாங்கி, வனத்துறைப் பொறுப்பில் மாற்றி மாற்றி வைக்கலாம். இரையைப் பற்றி எச்சரிக்கை தேவை. யானை நடமாடும் தடத்தில் மக்காச்சோளத்தைக் கொட்டினால் பன்றிக்கு முன் யானை வரும். அங்கே இந்த முறை ஆகாது. மானோ கரடியோ உள்ளே இருக்கும்போது கதவு விழுந்துவிடாமல் ஆள் பார்த்து இறக்க வேண்டும். பகலில் மயில்கள் வந்து இரையைக் காலி செய்யும். அந்தத் தொல்லையைப் பற்றிப் பேசினால் இந்தப் பக்கம் போதாது.

எல்லாவற்றிலும் காலம் முக்கியம். வயலில் கடலை முற்றி நிற்கும்போது பன்றி எதற்காகப் பட்டிக்குள் காய்ந்த சோளம் தேடி வரப்போகிறது? காட்டில் புல் கருகி, கிழங்கு அற்று, வயலும் வெறுமையாகக் கிடக்கும் பங்குனி, சித்திரைதான் அது இரைக்கு மயங்கும் காலம். விவசாயிகள் பெரும்பாலும் கடலை அழிந்த மறுநாள் மனுவைத் தூக்கிக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு ஓடுகிறார்கள். ஆனி, ஆடியில் விதைக்கப் போகிறவர் பட்டி வேண்டும் என்ற மனுவை மாசி மாதக் குறைதீர்க்கும் கூட்டத்திலேயே கொடுத்து, சித்திரைக்குள் பட்டியை நிறுத்தும்படி வனச்சரகரிடம் தேதி கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.